பிறக்கப்போகிறவர்களின் பிரதிநிதி

சரளா பேசி முடித்ததும் நகராண்மைக் கழகக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

அடுத்த நிமிடம் அதே கைகள் மலையை உடைப்பதற்கு ஆதரவாக உயர்ந்தன.

முதலில் உயர்ந்தது கழக உறுப்பினர் பத்துமலையின் கை. அவரும் சரளாவின் குடியிருப்புக்காரர்தான். அவள் பேசும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக்கூடப் பார்த்திருந்தாள்.

சரளாவின் கை மேசைமேல் கிடந்தது. அவளுக்கு ஓட்டு கிடையாது. இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று போன வருடம் புது விதி வந்தபோது, பாலர் பள்ளி ஆசிரியையான அவளை நியமித்தார்கள். பேசலாம். அவ்வளவுதான்.

அவர்கள் குடியிருப்பு, ரப்பர் மரங்களை அழித்து வீடு கட்டிய பழைய தோட்டம். பின்னால் சுண்ணாம்பு மலை. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மலையடி ஊற்றுதான் அத்தனை வீட்டுக்கும். அதைத்தான் சொன்னாள். உடைத்த மலை திரும்ப வளராது என்றாள்.

கேட்பார்கள் என்று நம்பியிருந்தாள். காலையில் வரும் வழியில் செமோர் பக்கம் அவள் கார் நின்றுபோனபோது, நீங்கள் வராமல் எப்படி என்று தலைவரே போனில் பேசி வண்டி அனுப்பினார். அவள் வந்து சேரும்வரை கூட்டத்தைத் தொடங்கவில்லை. தன் பேச்சுக்கு இத்தனை மதிப்பா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

தேநீர் இடைவேளையில் செயலாளர் ஷாஹித் அவள் முன்னால் ஒரு கோப்பையை வைத்தார்.

"நல்லா பேசுனீங்க டீச்சர். நீங்க வரலேன்னா இன்னிக்கு ஓட்டெடுப்பே நடந்திருக்காது. நீங்க வராத கூட்டத்துல எந்த முடிவும் செல்லாது. அதான் ரூல்."

நன்றியோடுதான் சொன்னார்.

சரளா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

இடைவேளைக்குப் பிறகு இன்னொரு தீர்மானம் இருந்தது. ஊற்றிலிருந்து வரும் ஓடையை மூடி லாரிப் பாதை போடுவது.

அவள் சட்டென்று கைப்பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். யாராவது ஓடிவந்து மறிப்பார்கள் என்று நினைத்தாள். மறிக்க வேண்டும் என்றுகூட இருந்தது.

ஷாஹித் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"போறதுன்னா போங்க டீச்சர். காலையில வந்தீங்கல்ல, அது போதும்லா."