ஏழாம் நம்பர் குதிரை

“மேடம், அந்த ஆளு இன்னைக்கும் வந்து நிக்கிறாரு.”

வாட்ச்மேன் சொன்னதும் நிர்வாகிக்குச் சுர்ரென்று ஏறியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் பேச நாலு சுவரைத் தவிர வேறு ஆள் கிடையாது என்றுதான் அவள் குதிரைக் காப்பகத்துக்கே வந்துவிடுவாள். வந்த இடத்திலும் இந்தத் தலைவலி.

“உள்ள கூட்டிட்டு வாங்க. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்.”

வந்து நின்றவர் வண்டிக்காரர். அறுபதைத் தாண்டியிருப்பார். நடக்கும்போது ஒரு கால் இழுத்தது. ஏழாம் நம்பர் லாயத்தில் நிற்கும் சிட்டு என்ற குதிரை ஆறு மாதத்துக்கு முன்பு வரை இவருடையது.

புகார் வந்து, அவளே நேரில் போய்ப் பறிமுதல் செய்த குதிரை அது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். குளம்புகள் சீவாமல் வளர்ந்து முன்னால் வளைந்து கிடந்தன. நாலு பேர் முட்டுக் கொடுத்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள். அன்றைக்கு இந்த மனிதர் கதவோரம் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

“பழைய ஓனர் குதிரையைப் பார்க்க வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“கிட்டப் போகலைம்மா. வேலிக்கு வெளியதான் நின்னேன்.”

“வாரா வாரம் ஒவ்வொரு இடத்துல நிக்கிறீங்களாமே? போன வாரம் கேட் பக்கம், இன்னைக்குப் பின்பக்கம். என்ன, ஓட்டிட்டுப் போக வழி பார்க்கறீங்களா?”

வண்டிக்காரர் பதறிப்போனார்.

“ஐயையோ, அதெல்லாம் இல்லைம்மா! காத்து சிட்டுகிட்ட இருந்து என் பக்கமா அடிக்கிற இடமாப் பார்த்து நிப்பேன். என் வாசனை அதுக்குப் போயிடுச்சுன்னா தீனியை விட்டுட்டுத் தலையைத் தூக்கிட்டு நிக்கும். அப்புறம் அன்னைக்குப் பூரா சாப்பிடாது.”

அவள் ஜன்னல் வழியாக லாயத்தின் பக்கம் பார்த்தாள். ஆனால் அந்த விலா எலும்புகள் கண் முன்னால் வந்து நின்றன.

“இந்தப் பாசமெல்லாம் அது எலும்பும் தோலுமாக் கிடந்தப்போ எங்க போச்சு? குடியா?”

“இல்லைம்மா. அந்தப் பழக்கம் இல்லை.”

“வீட்டுல தட்டிக் கேக்க ஆளில்லையா?”

“வீட்டுல நானும் சிட்டுவும்தான்.”

அவர் பார்வை தரையில் இருந்தது. அந்த வீடு இப்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் வீடும் அப்படித்தான். அதற்காக விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

“நாளைக்குக் காலையில ஏழாம் நம்பர் ஒரு பண்ணைக்குப் போகுது. நல்ல புல்வெளி, துணைக்கு ரெண்டு குதிரை இருக்கு. எந்த இடம்னு மட்டும் கேக்காதீங்க.”

வண்டிக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

“கேக்கலைம்மா. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அது நடக்கறதைப் பார்த்துட்டுப் போயிடறேன். வேலியில இருந்து பார்த்தா தலை மட்டும்தான் தெரியுது. கால் சரியாயிடுச்சான்னு தெரியலை. இந்த ஜன்னல் வழியாப் பார்த்தாக்கூடப் போதும். எனக்கு வேற யாரு இருக்கா?”

“முடியாதுன்னா முடியாது.”

சொன்ன பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குதிரை தேறி நல்ல இடத்துக்குப் போகும்போது, புகார் கொடுத்தவருக்கு ஃபோன் போட்டு நன்றி சொல்வது காப்பகத்தின் வழக்கம். புகார்ப் பதிவேட்டை இழுத்துப் புரட்டினாள். பேர் சொல்ல விரும்பாத ஆள் போலிருக்கிறது, நம்பர் மட்டும் இருந்தது.

“உங்க தெருவுலயே மனுஷன்னு ஒருத்தர் இருந்திருக்காரு. அவர் மட்டும் வாய் திறக்கலைன்னா உங்க சிட்டு அன்னைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். உங்க முன்னாடியே அவருக்கு நன்றி சொல்றேன், காது குளிரக் கேட்டுட்டுப் போங்க.”

மேசை ஃபோனில் நம்பரை அழுத்தினாள்.

மணி வண்டிக்காரரின் சட்டைப் பையில் அடித்தது.

அவர் ஃபோனைத் தடவி எடுத்து, எந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்துவது என்று தெரியாமல் திண்டாடினார். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“நீங்களா? உங்க மேல நீங்களேவா புகார் கொடுத்தீங்க?”

“கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சும்மா. எழுந்து ஒரு கட்டுப் புல்லு போட முடியலை. என் கண்ணு முன்னாடியே அது இளைச்சுக்கிட்டே போச்சு.”

“அட, நேரா எங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாமே பெரியவரே! நாங்க எதுக்கு இருக்கோம்?”

“வந்தேனேம்மா. எப்படியோ ஆட்டோ பிடிச்சு, கம்பை ஊணிக்கிட்டு இதே மேசை முன்னாடிதான் நின்னேன். நீங்க ஏதோ எழுதிட்டு இருந்தீங்க. ‘சொந்தக்காரங்க கொண்டு வந்து விட்டா எடுத்துக்க மாட்டோம், கொடுமைப்படுத்தறாங்கன்னு புகார் வந்தாத்தான் எடுப்போம்’னு நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிட்டீங்க.”