விஷம் வைத்தவள்

அறையில் நான்கு பேர் இருந்தார்கள்: வயிற்றைப் பிடித்தபடி கட்டிலில் சுருண்டு கிடந்த பேக்கரிக்காரன், அவன் மனைவி, அவன் அம்மா, லாரி ஓட்டும் அண்ணன்.

அண்ணன், தம்பி மனைவியின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"என்னத்தடி கலந்து குடுத்த? மலை மாதிரி இருந்தவன் எலும்பாயிட்டான். தின்னா வாந்தி எடுக்கறான். இப்ப மூத்திரம் வேற ரத்தமாப் போகுது!"

"சத்தியமா ஒண்ணும் கலக்கல, அத்தான்!"

அடுத்து கன்னத்தில் விழுந்த அறையில் அவள் உதடு கிழிந்தது.

"முகத்துல அடிக்காதடா, டாக்டர் வர்ற நேரம்" என்றாள் அம்மா.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பாவம், பேசக்கூடத் தெம்பில்லையே என்று அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. மறுபடி கையை ஓங்கியபோது டாக்டர் உள்ளே வந்தார்.

"இந்த மூத்திரத்தப் பாருங்க. விஷம்தானே? இவள ஜெயில்ல தள்ளணும்" என்று கட்டிலடியில் இருந்த பாத்திரத்தைக் காட்டினான் அண்ணன்.

டாக்டர் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"குடல் காசநோய் மாத்திரை போட்டா சிவப்பாத்தான் போகும், பயப்படாதீங்கன்னு முதல் நாளே உங்ககிட்ட சொன்னேனே? வீட்ல சொல்லலையா?"

அண்ணனின் கை தானாக இறங்கியது. "உனக்குத் தெரியுமாடா?"

"காசநோய்னு தெரிஞ்சா எவன் என் கடைல ரொட்டி வாங்குவான்?" என்றான் தம்பி, சுவரைப் பார்த்து.

அவள் ரத்தத்தைத் துடைத்தாள்.

"டாக்டர், அடி வாங்கினா மாத்திரை வேலை செய்யாம போயிடுமா?"

"அதெல்லாம் செய்யும்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"எல்லாரும் வெளிய போங்க. உங்கள அப்புறம் வச்சுக்கறேன், அத்தான்" என்றாள், கட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கடைசியாக வெளியேறிய அண்ணனின் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.