காலர் தைப்பவள் எழுதிய சொல்

ஆயத்த ஆடை ஆலையின் அலுவலக அறையில், மேசைமேல் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. காப்பீட்டுப் படிவத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’ என்ற இடத்துக்கு வந்ததும் காலர் தைப்பவளின் பேனா நின்றுவிடுகிறது. “பயப்படாம எழுதுங்கக்கா. புதுச் சட்டம் வந்தாச்சு. நோய் இருக்குன்னு யாரையும் ஒதுக்க முடியாது,” என்கிறாள் அலுவலகப் பெண். “வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?” “ஆகாதுக்கா.” ஒன்பது வருடமாகக் கழிப்பறைக் கதவைத் தாழிட்டு ஊசி போட்டுக்கொண்டவள், ‘சர்க்கரை’ என்று மெல்ல எழுதுகிறாள். எழுதிய பிறகும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுவருக்கு அப்பால் தையல் இயந்திரங்கள் சீராக இரைகின்றன. தினமும் அவளோடு ஒரே பெஞ்சில் சாப்பிடும் பட்டன் தைப்பவள் பக்கத்தில் நின்று அதை எட்டிப் பார்க்கிறாள். பிறகு தன் படிவத்தை மெதுவாக அவள் பக்கம் திருப்புகிறாள். அதிலும் அதே சொல். “அடிப்பாவி, நீயுமா?” இருவரும் சிரிக்கிற சிரிப்பில், அலுவலகப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட மறந்துபோகிறாள்.