சுதாவின் இருமல்

ஜெயசுதா மறுபடியும் இருமினாள்.

மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமரவேல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

வில்லியனூர் பள்ளிக்கூடத்தில் நுரையீரல் பரிசோதனை முகாம். "நீ கூட வந்தாத்தான் போவேன், எனக்குப் பயமா கீது" என்று அவள்தான் இழுத்து வந்திருந்தாள்.

குமரவேல் கிரானைட் அறுப்பவன். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. ஆனால் புதுச் சுவரில் சேறு தெறிக்கிறது என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே அறுத்துவிடுவான்.

மாலையில் வெள்ளை வெளேரென்று வீடு திரும்புவான். அந்தச் சட்டையை உதறித் துவைப்பவள் சுதா.

அதுதான் அவனைக் குடைந்தது.

'நீயும் ஒருமுறை டாக்டரைப் பாரேன்' என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கல்லோடு மாடியேறும்போது இப்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறான். வயசு என்று சிரித்து மழுப்பிவிடுவான்.

ஆனால் இவளுக்கு வந்துவிட்டதே. ஒரு வாரமாக இருமல். உயிருக்கு உயிரான குச்சி ஐஸைக்கூடத் தொடவில்லை.

"சுதா, உனக்கு ஒண்ணும் இல்லன்னு மட்டும் வரட்டும். இனிமே தண்ணி வுட்டுத்தான் அறுப்பேன். மாரியாத்தா மேல சத்தியம்."

"ஆத்தாவ எதுக்கு இழுக்கற? என் தலைல அடிச்சிச் சொல்லு."

சொன்னான்.

"குமரவேல்!" என்று நர்ஸ் அழைத்தாள்.

"ஜெயசுதா, சிஸ்டர். பேரை மாத்திக் கூப்புடறீங்க."

சுதா அவன் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டாள். "அதெல்லாம் மாத்தல. போய் ஊதுய்யா."

மூச்சை அளக்கும் குழாயில் ஊதினான். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் மேல்பக்கம் தெரிந்த சின்னச் சின்னப் புள்ளிகளை டாக்டர் தொட்டுக் காட்டிப் பேசினார்.

வெளியே வேப்பமரத்தடியில் சுதா நின்றிருந்தாள். இரண்டு கையிலும் குச்சி ஐஸ். ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை. உருகி மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

"இன்னா சொன்னாரு?"

"இப்பத்தான் ஆரம்பமாம். நல்ல நேரத்துல வந்தேனாம். தூசி மட்டும் இனிமே ஆகாதாம்."

ஒரு ஐஸை அவன் கையில் திணித்தாள். மற்றதை நறுக்கென்று கடித்தாள்.

"தலைல அடிச்சது நெனப்பு இருக்கட்டும்."

வீடு வரைக்கும் வண்டியின் பின்சீட்டில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

ஒரு செருமல்கூட இல்லை.