துணியின் பின்பக்கம்

முனியன் துணியைத் திருப்பினான்.

முடிச்சு இல்லை.

வெயிலில் தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தான். வெள்ளைத் துணியின் ஓரமெல்லாம் கறுப்புப் பட்டு நூலில் ஒரு கொடி ஓடியது. முன்பக்கம் எப்படியோ, பின்பக்கமும் அப்படியே.

துணிக்கு உரியவள் ஒல்லாந்தர் கோட்டை வாசலில் கூடையோடு நின்றாள். பெயர் பச்சையம்மா என்றாள். துரைசாணி வீட்டு வேலைக்காரி என்றாள். நண்டு வாங்கிவர அனுப்பினார்கள் என்றாள்.

மூன்றையும் முனியன் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் வாசல்காவலனான அவன் உத்தியோகம்.

கோட்டைக்குள் அடிமைக் கொட்டடி இருந்தது. பஞ்சத்தில் விலைபோனவர்கள் கடல் கடந்து பத்தாவியாவுக்குப் போகும் கப்பலுக்காக அதில் காத்துக் கிடந்தார்கள். கப்பல் நாளைக்குப் புறப்படுகிறது. பெண்களில் துரைசாணி வீட்டு வேலைக்காரிகள் மட்டும் வாசலைத் தாண்டலாம்.

வேலைக்காரிகளின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வது துரைசாணிக்குச் சிரமம். அதனால் தன் கையாலேயே கறுப்பு நூலில் பூவேலை செய்து ஆளுக்கொரு முக்காட்டுத் துணி கொடுத்திருந்தாள்.

அதைப் பார்த்து யாரோ போலி செய்தார்கள். கொட்டடியில் நாளுக்கு ஒரு தலை குறைந்தது.

போலியைக் கண்டுபிடிக்கத் துரைசாணியே வழி சொன்னாள். அவள் தையலில் முடிச்சே கிடையாதாம். தொடங்கும்போது நூலின் வாலைத் துணியோடு படுக்கவைத்து அதன்மேலேயே தைத்துக்கொண்டு போவாளாம். முடிக்கும்போது நூலைப் பின்தையல்களுக்கு அடியில் நுழைத்து ஒட்ட வெட்டிவிடுவாளாம். ஆகவே முடிச்சு இருந்தால் போலி.

கோட்டை முழுக்க இதைத் தண்டோரா போட்டுச் சொன்னார்கள். கொட்டடிக்கும் கேட்டது.

சோதனை தொடங்கி மூன்று நாள் ஆகிறது. இப்போது நாளுக்கு இரண்டு தலை குறைகிறது. சோதனை போதவில்லை என்று தீர்மானித்து, இன்னும் உற்றுப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

முனியன் உற்றுப் பார்த்தான். அவன் தோணிரேவு மீனவன். வலை பின்னி வளர்ந்த கை. முடிச்சில்லாத நூலைப் பார்த்தால் அந்தக் கைக்கே சந்தேகம் வரும். தொடக்கம் எங்கே என்று நகத்தால் கொடி நெடுகத் தேடினான். அகப்படவில்லை.

"இன்னாம்மா இது, தலையும் காணோம் வாலும் காணோம்?"

"ஒழுங்கா தச்சா அப்டித்தான் இருக்கும், அண்ணாத்தே."

குரல் நடுங்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவன் தடுத்து நிறுத்திய அம்மணி காலையிலிருந்து மதிலோரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் துணியில் மூன்று முடிச்சுகள் இருந்தன.

"துரைசாணியம்மா கையால குடுத்த துணினு எத்தினி வாட்டி சொல்றது? உன் காது இன்னா ஓட்டத் தோணியா?"

"முடிச்சு கீதே. அதுக்கு நான் இன்னா பண்ண?" என்றான் முனியன்.

சட்டம் சட்டம்தான். பச்சையம்மாவின் துணியைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அவசரமில்லாமல் தோணித்துறைப் பக்கம் நடந்தாள்.

அப்போதுதான் துரைசாணி வேதக்கோயிலுக்குக் கிளம்பி வெளியே வந்தாள். சோதனைக்கு நின்ற பெண்களின் வரிசை விலகி வழிவிட்டது. அவள் தோளிலும் அதே கறுப்புக் கொடி போட்ட துணி. துரைசாணியின் துணியை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

வாடைக்காற்று அதைச் செய்தது. துணி பறந்து முனியன் காலடியில் பின்பக்கம் தெரிய விழுந்தது.

குனிந்து எடுத்தான்.

முடிச்சு. முடிச்சின்மேல் முடிச்சு. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் குறுக்கே தாவியிருந்தது. வெட்டாமல் விட்ட வால்கள் இறால் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

துரைசாணி சொன்னபடி தைத்தவர்கள் கோட்டையிலேயே கொட்டடிக்காரர்கள் மட்டும்தான்.

முனியன் துறையைப் பார்த்தான். பச்சையம்மா தோணியில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்று திரும்பிப் பார்த்தாள். அவனை அல்ல, அவன் கையிலிருந்த துணியை.

ஒரு சத்தம் போட்டால் போதும். நாளைக்கு அவள் கப்பலில் இருப்பாள்.

சத்தம் போட்டால் கேள்வியும் வரும். மூன்று நாளாகச் சுத்தமான துணியோடு போனவர்களை விட்டது யார்? அதைவிடப் பெரிய கேள்வி, துரைசாணியின் பின்பக்கத் தையலைப் பார்த்தது யார்?

மதிலோரம் அம்மணியும் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள்.

"நீ உள்ள போ தாயி. தப்பு என்னுது" என்றான் முனியன், உதடு அசையாமல்.

அம்மணி வாயை மூடினாள். முக்காட்டை இழுத்து, சிரிப்பை அதற்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

துரைசாணி கை நீட்டினாள். தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"எல்லாம் நல்லா பாக்குறான்? பின்னாடி எப்படி இருக்குது?"

முனியன் துணியை நான்காக மடித்தான். முடிச்செல்லாம் உள்ளே போயின. இரண்டு கையாலும் கொடுத்தான்.

"முன்னாடி மாதிரியேதான் கீதும்மா."

துரைசாணிக்கு மகிழ்ச்சி. கோயிலுக்குப் போனாள். தோணி துறையை விட்டு நகர்ந்தது.

வரிசையில் அடுத்தவள் துணியை நீட்டினாள். அவள் கண் நகரும் தோணிமேலேயே இருந்தது.

முனியன் திருப்பிப் பார்க்கவில்லை.

"போ, போ" என்றான். "காத்து மாறிடப் போவுது."