ராசிபலன் ஒட்டிய ஜன்னல்

திரை மாட்ட ஆணி அடிக்கக் கூடாதென்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், புதிதாகக் குடிவந்த உமையாள் குளியலறை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகச் செய்தித்தாளை ஒட்டினாள்.

"இனிமேல் ஒருத்தரும் உள்ளே பார்க்க முடியாது," என்றது தாள்.

அதுவரை சந்தில் போகிற யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அந்தச் சின்ன ஜன்னலுக்கு மறுநாள் காலையில் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் மூக்கு உரச நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"என்னடா இது?" என்று தாளைக் கேட்டது ஜன்னல்.

"என்மேல வார ராசிபலன் இருக்குல்ல," என்றது தாள், கொஞ்சம் பெருமையாக. "படிச்சிட்டுப் போகட்டுமே."

"உள்ளே அந்தப் பொண்ணு குளிக்குதுடா."

"கும்பத்தோட முடிஞ்சிடுச்சே," என்றார் எதிர்வீட்டுத் தெய்வநாயகம். "மீனம் பின்பக்கம் இருக்கும்."

கொக்கியில்லாத ஜன்னல் கதவை அவர் இழுத்துக்கொண்டிருந்தார்.