சாக்ரடீஸ் இருந்த இடம்

"சார், சாக்ரடீஸை அழிச்சிட்டு எங்கம்மா பேரை எழுதுங்க. மாரக்காள்."

'மனிதர் எல்லோரும் இறப்பர். சாக்ரடீஸ் மனிதர்' என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த தத்துவப் பேராசிரியர் திரும்பினார். பூவிழி எழுந்து நின்றிருந்தாள்.

"சாக்ரடீஸுக்கே சீட்டு கிழிச்சிட்டா டோய்!" பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

இந்தக் கல்லூரியில் அம்மா பேரை எடுக்கவே கூடாது என்று பூவிழியிடம் அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். இங்கே விடுதிக் கழிப்பறை கழுவிய மாரக்காள் தாழ்வாரத்தில் மயங்கி விழுந்தபோது யாரும் தொடவில்லை. 'அவங்க ஆளுங்க வந்து தூக்கட்டும்' என்று நின்றார்கள். ஆள் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"எங்கம்மா செத்துட்டாங்க சார். அப்ப அவங்க மனுஷிதானே?"

"அப்படி முடிவு பண்ண முடியாதும்மா. மாடும்தான் சாகுது."

அவர் சொன்னது சரிதான். கணித வகுப்பில் 'மனிதர் → இறப்பர்' என்பதன் அம்புக்குறியை அவள் திருப்பிப் போட்டபோதும் தப்பு என்றுதான் கோடு அடித்தார்கள். கணினி ஆய்வகத்தில் அதையே கொடுத்தபோது திரையில் 'பொய்' என்று வந்தது. மூன்று துறையிலும் ஒரே விடை.

"வேற எப்படி சார் நிரூபிக்கிறது?"

"உக்காரும்மா, பாடம் நிறைய கிடக்கு."

பூவிழி மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க எழுத வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு, அம்மா விழுந்த தாழ்வாரத்தை நோக்கி வெளியே நடந்தாள்.